மைதானத்துச் சாவி யாரிடம்?

2024-ஆம் வருடம் தீபாவளிக்கு முந்தின நாட்கள். ஊரே துணிக்கடையிலும் பட்டாசுக் கடையிலும் நின்றுகொண்டிருந்த நேரத்தில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியார் பராமரிப்புக்கு விடுவது, விளையாட வருகிறவர்களிடம் ஒரு மணி நேரத்துக்குத் தலைக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பதுதான் அந்தத் தீர்மானம்.

நண்பர்களே, நாம் டிப்ளமோக்காரர்கள். எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இரண்டு அணிக்கு 22 பேர், ஆளுக்கு 120 என்றால் ஒரு மணி நேர ஆட்டத்துக்கு 2,640 ரூபாய்! ஒரு பையன் ஞாயிறு விட்டுத் தினமும் ஒரு மணி நேரம் ஆடினால், மாதம் 26 நாளைக்கு 3,120 ரூபாய். வீட்டு வாடகையோடு சேர்த்து இதையும் எடுத்து வைக்கக்கூடிய அப்பா வியாசர்பாடியில் எத்தனை பேர் இருப்பார்கள்?

எதிர்ப்பு கிளம்பியது. எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தவர்களே கூடாது என்றார்கள். பந்து உதைக்கிற பையன்கள், அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற கோச்சுகள், எல்லோரும் பேசினார்கள். ஓரிரு நாள்தான். தீர்மானம் கைவிடப்படுகிறது, மைதானங்களை மாநகராட்சியே பராமரிக்கும், கட்டணம் கிடையாது என்று மேயர் ஆர். பிரியா அறிவித்துவிட்டார். தீபாவளி வருவதற்குள் தீர்மானம் புஸ்வாணமாகிவிட்டது!

இதைப் பலர் மறந்திருப்பார்கள். எனக்கு மறக்கவில்லை. காரணம், இவ்வளவு சீக்கிரம் ஓர் உள்ளாட்சி மன்றம் பின்வாங்கி நான் பார்த்ததில்லை. ஏன் பின்வாங்கியது? யோசித்துப் பார்த்தால், அந்தத் தீர்மானத்தில் எல்லாமே வெளிச்சமாக இருந்தது. விலை 120 ரூபாய் என்று எல்லோருக்கும் புரிந்தது. யார் முடிவெடுத்தார்கள் என்பது தெரிந்தது. யாரைப் போய்க் கேட்பது என்பதும் தெரிந்தது. கோபப்படுவதற்கு ஒரு முகவரி இருந்தது.

எங்கள் ஏரியா மைதானத்துக்கு அந்த முகவரிதான் இல்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றையும் மூன்று மூலையாக வைத்தால், அந்த முக்கோணத்துக்குள் எங்கேயோ எங்கள் ஏரியா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரையும் எந்த உள்ளாட்சி என்பதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் ‘நம்ம பக்கம் அப்படி இல்லப்பா’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். தவிர, அப்பா திட்டுவார்.

ஒரு வாலிபால் கோர்ட், கபடிக்கு ஓர் இடம், ஓரமாக ஆறு உடற்பயிற்சிக் கருவிகள், சுற்றிலும் காம்பவுண்டு சுவர், முன்னால் வளைவு வைத்த வாசல். திறப்பு விழாவன்று மேளம், சீரியல் லைட், பொன்னாடை எல்லாம் உண்டு. மறுநாள் கேட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். பையன்கள் சுவர் ஏறிக் குதித்து ஆடினார்கள். நாங்கள் எப்படி ஏறுவது? (ஏறலாம், ஏறியிருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு ஆயா அம்மாவிடம் சொன்னதோடு அது முடிந்துபோனது.) பள்ளிக்கூடத்தில் நான்கு வருடம் கபடி ஆடியவள் நான். பெண்கள் கபடிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் போதும். அந்த இடம் சுவருக்குள்ளே சும்மா கிடந்தது, நாங்கள் வெளியே நின்றோம்.

வாசலில் ஒரு கல்வெட்டு. அப்பா மூன்றாவதோடு நின்றவர். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எண் மட்டும் டக்கென்று வரும். ஒருநாள் சைக்கிளை நிறுத்தி, “இத்தினி லட்சமா! மேல என்னம்மா போட்டிருக்கு?” என்றார். படித்துச் சொன்னேன். எந்த நிதி, யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்து வைத்தது என்று மொத்தம் பதினொரு பெயர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, இதுல யாராண்ட போயி சாவி கேக்கறது?” என்றார்.

பதினொரு பெயர் இருந்தும் அதற்குப் பதில் இல்லை.

இந்தக் குழப்பம் எங்கள் ஊரில் மட்டும் இல்லை, அமைப்பே அப்படித்தான். தமிழ்நாட்டில் ஒரு எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடியில் என்று மாநில அரசு 2022-இல் அறிவித்தது. இதுபோக மாநகராட்சி, நகராட்சியின் சொந்த நிதி. யார் வேண்டுமானாலும் மைதானம் கட்டலாம், கட்டியவர் பெயர் கல்வெட்டில் ஏறும். கட்டி முடித்ததும் பெரும்பாலும் அது உள்ளாட்சியின் தலையில் வந்து விழும். புல் வெட்டுவது, பல்பு மாற்றுவது, கேட்டைத் திறந்து மூடுவது எல்லாம் அவர்கள் பாடு. பல்பு மாற்றியதற்கு எந்த ஊரிலாவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

டீக்கடையில் இதற்கு ரெடிமேட் பதில் இருந்தது. “ஆட்டையப் போட்டுட்டானுங்க. பாதிகூட உள்ள போட்டிருக்க மாட்டானுங்க.” நமக்குத்தான் எஸ்டிமேட்டிங் பாடம் நடத்துகிறார்களே, உண்மையா என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. தகவல் உரிமைச் சட்டம், 2005 பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். கேள்வி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம் என்பது தெரியும். பலருக்குத் தெரியாதது என்னவென்றால், அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவிலேயே, நடந்த வேலையையும் அதன் ஆவணங்களையும் நேரில் பார்வையிடலாம், பொருளின் மாதிரியைக்கூடச் சான்றோடு கேட்டு வாங்கலாம் என்று இருக்கிறது. சிவில் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் கிளாஸ் ஏது?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். எனக்கு அதைத் தாண்டித்தான் வந்தது. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது. முதல் ஒரு மணி நேரம் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அப்பா அரை நாள் லீவு போட்டுக் கூட வந்தார். ஆபீஸ் வராந்தாவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார். “உள்ள வாங்கப்பா” என்றால், “நீ போம்மா, நான் இங்கியே நிக்கறேன்” என்கிறார். வரி கட்டுகிற இடத்தில் எதற்குச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அன்றைக்கு அதற்கு நேரமில்லை.

எம்.புக் என்கிற மெஷர்மென்ட் புத்தகத்தை முதன்முதலில் அங்கேதான் தொட்டுப் பார்த்தேன். நோட்டில் எழுதிப் பழகிய அதே கட்டங்கள். நீளம், அகலம், உயரம், அளவு. வாலிபால் கோர்ட் 18-க்கு 9. நான்கு பக்கமும் மூன்று மீட்டர் விட்டு 24-க்கு 15. பதினைந்து சென்டிமீட்டர் கனத்தில் கிராவல் பரப்பி ரோலர் ஓட்டியது, 54 கன மீட்டர். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வேண்டிய பக்கங்களுக்கு இரண்டிரண்டு ரூபாய் கட்டி நகலும் வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு என் வகுப்புத் தோழிகள் இருவரும் தம்பியும் நானும் டேப், கடப்பாரையோடு போனோம். (சுவர் ஏறித்தான்.) சுவர் நீளம் அளந்தோம். சரி. கோர்ட் அளந்தோம். சரி. மூன்று இடத்தில் கடப்பாரையால் குத்தி கிராவல் கனம் பார்த்தோம். ஓர் இடத்தில் 14, இரண்டு இடத்தில் 15. கருவிகளை எண்ணினோம். ஆறு என்று எழுதியிருந்தது, ஆறும் இருந்தன.

திருட்டு இல்லை! டீக்கடையில் சொன்னால் யாரும் நம்பவில்லை. “ஒனக்குத் தெரியாதும்மா, ரேட்டுல அடிச்சிருப்பான்” என்றார்கள். இருக்கலாம், ரேட்டை ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. ஆனால் மைதானம் ஏன் பாழாய்க் கிடக்கிறது என்பதற்குக் காரணம் அதில் எழுதியிருந்த வரிகளில் இல்லை, எழுதாமல் விட்ட வரிகளில் இருந்தது. மழைநீர் வடிகால் என்று ஒரு வரி இல்லை. கழிப்பறை இல்லை. விளக்குக் கம்பம் இல்லை. காவலாளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்று இல்லை. வளைவு மட்டும் இருந்தது, அதற்குப் பெயிண்டு எத்தனை கோட்டு என்பது வரைக்கும்.

மைதானம் ரோட்டைவிடப் பள்ளம். ஒரு லெவல் எடுத்திருந்தால் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உள்ளே நின்ற தண்ணீர் வற்றுவதற்குப் பல நாள் ஆனது. கருவிகளின் கால் அப்போதுதான் துருப்பிடிக்க ஆரம்பித்தது. கழிப்பறை இல்லாத, இருட்டின பிறகு விளக்கு இல்லாத இடத்துக்கு எந்த அம்மா பெண்ணை அனுப்புவாள்? ஆக, எஸ்டிமேட் போடும்போதே அந்த மைதானத்திலிருந்து நாங்கள் கழிக்கப்பட்டுவிட்டோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நம்மில் பலர் நாளைக்கு லே-அவுட் வரைபடம் போடப் போகிறவர்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கை பொது உபயோகத்துக்குத் திறந்தவெளி இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். (10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதில் பணமாகவும் கட்டிவிடலாம்.) நமது புறநகர்களில் பல பூங்காவும் மைதானமும் இப்படி வந்த இடங்கள்தான். மனை போடுகிறவர் மேட்டு நிலத்தை விற்பாரா, தானம் கொடுப்பாரா? மூலை, பள்ளம், கோணல், கால்வாய் ஓரம் எதுவோ அது பொதுமக்களுக்கு! இப்படி வந்த இடங்களாவது மிஞ்ச வேண்டும் என்றுதான் 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளி இடங்கள் பாதுகாப்புக்கென்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லைக்குள் உள்ள மைதானங்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது அது. உங்கள் ஏரியா மைதானம் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டுப் பாருங்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “குடிக்கிற தண்ணிக்கு லாரி பின்னால ஓடறோம். ஒனக்குக் கபடிதான் கொறச்சலா?” என்றாள். நியாயமான கேள்வி. இதற்கு நான் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று. தண்ணீர் வரவில்லை என்றால் அம்மாவும் இருபது பெண்களும் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காருவார்கள். எல்லோருக்கும் ஓட்டு உண்டு. அன்று சாயங்காலமே லாரி வரும். மைதானத்துக்காக அழுகிறவர்கள் பத்திலிருந்து பதினேழு வயதுக்காரர்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு வரும் வயதில் நாம் ஷிப்டுக்கும் அப்ரண்டிஸுக்கும் போய்விடுகிறோம், மைதானத்தை மறந்துவிடுகிறோம். இதைக் கவுன்சிலர்கள் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

கேட்பதற்குக் கவுன்சிலரே இல்லாத காலமும் இருந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். 2011-இல் சென்னையோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூருக்கும் அதே கதி. ஆவடி 2019-இல் மாநகராட்சி ஆனது, ஆனால் முதல் மேயரைப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயது வரை, அதாவது ஒரு பிள்ளை விளையாட வேண்டிய வயது முழுவதும், எங்கள் வார்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் என்று ஒருவர் இல்லை. சரி, தேர்தல் வந்தபோது என்ன செய்தோம்? மாநிலம் முழுவதும் சுமார் 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னை மாநகராட்சியில் சுமார் 43 சதவீதம்தான். ஐந்து வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தால், பாதிப் பேருக்கு மேல் உள்ளே போகவில்லை.

வெளிநாட்டுக் கதை ஒன்று. அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்கு 1976 குளிர்கால ஒலிம்பிக்கை நடத்தும் உரிமை கிடைத்தது. செலவு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்த கொலராடோ மாநில மக்கள் 1972 நவம்பரில் வாக்கெடுப்பில், எங்கள் வரிப்பணத்தை இதற்குத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குப் போனது. அதே 1976-இல் கோடை ஒலிம்பிக்கை நடத்திய கனடாவின் மான்ட்ரீல், அந்தக் கடனைக் கட்டி முடித்தது 2006-இல். முப்பது வருடம்! ஒலிம்பிக் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கேட்டுச் செய்த ஊருக்கும் கேட்காமல் செய்த ஊருக்கும் உள்ள வித்தியாசத்துக்காகச் சொல்கிறேன்.

நம்ம பக்கத்துக் கதையும் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வாங்கியது. அந்த அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அரசு 25 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. சந்தோஷம், அந்தப் பெண்ணுக்கு இன்னும்கூடக் கொடுக்கலாம். ஆனால் ஜெயித்த பிறகு கொடுப்பதற்குக் கேமரா வரும். ஜெயிப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது ஒரு விளக்கு, ஒரு கழிப்பறை, திறந்த கேட். அதற்கு யார் வருவார்?

கேட்பதற்கு இடம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி, அதற்குக் கீழே பகுதி சபா என்று 2022-இல் விதி வந்தது. அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே போய் உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நடக்க வேண்டும். எங்கள் பகுதியில் நடந்த ஒன்றுக்கு நானும் தோழிகளும் போனோம். நாற்காலிகள் நிறைய, ஆள் கொஞ்சம். எனக்குப் பதினெட்டு முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் வந்திருந்தது, அதையும் மறக்காமல் சொல்லிக்கொண்டேன். எம்.புக் நகலைக் காட்டி, வடிகால், கழிப்பறை, விளக்கு, காவலாள் என்று நான்கையும் சொன்னேன். ஐந்தாவதாக, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பெயர், போன் நம்பரோடு கேட்டிலேயே எழுதிப் போட வேண்டும் என்றேன். ஒரு பெரியவர் சிரித்தார். கவுன்சிலர் அக்கா சிரிக்கவில்லை. “நிதி வரட்டும், பாக்கலாம்மா” என்றார். அந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். எழுதுகிறவர் ஒருமுறை அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்.

ஐந்தாவதற்கு நிதி தேவையில்லை என்பதால் அது மட்டும் நடந்தது. ஒரு தகரத்தில் ஒரு பெயர், ஒரு நம்பர். இப்போது சாயங்காலம் நாலரைக்குப் போன் போட்டால் சாவி வருகிறது. சில நாள் ஐந்தரைக்கு வருகிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஏழு பேர் கபடிக்கு வருகிறார்கள், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மழை பெய்தால் போன் போட்டும் பிரயோஜனமில்லை, உள்ளே தண்ணீர் நிற்கும். வடிகாலுக்கான எஸ்டிமேட்டை நாங்கள் மூன்று பேரும் போட்டுக்கொண்டிருக்கிறோம். ரோட்டு லெவலுக்கும் மைதானத்து லெவலுக்கும் 47 சென்டிமீட்டர் வித்தியாசம் வருகிறது. தண்ணீரை ரோட்டுப் பக்கம் எடுக்க முடியாது, பின்பக்கம் கால்வாய்க்குத்தான் கொண்டுபோக வேண்டும். அந்தப் பக்கம் இன்னும் லெவல் எடுக்கவில்லை. அடுத்த பகுதி சபாவுக்குள் முடிக்க வேண்டும். ஆட்டோ லெவல் பிடிக்கத் தெரிந்தவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் நன்றாயிருக்கும்.